திருகாணித் தலையின் நேர்வெட்டு

கைக்கடிகாரம் ஒன்றன் பின்மூடியைத் திறந்து உள்ளே நோக்கினோர் நம்முட் பலர் இருத்தல் கூடும். அங்ஙனம் நோக்கினோருட் பெரும்பாலார் கண்ணைக் கவர்வன, இடையறாது முன்னும் பின்னும் துடிக்கும் சக்கரமும், அதன் அச்சைத் தாங்கும் செந்நிறக் கற்களும், ஒன்றையொன்று பற்றிச் சுழலும் பற்சக்கரங்களுமேயாம். அவற்றையெல்லாம் தத்தம் நிலையினின்றும் பெயராவண்ணம் பிணித்து வைத்திருக்கும் திருகாணிகளை எண்ணிப் பார்ப்பவர் சிலர். அத்திருகாணிகளின் தலைமேற் குறுக்காக ஓடும் நேர்வெட்டினை உற்று நோக்குபவரோ மிகச் சிலர். அவ்வெட்டினைக் குறித்தே ஈண்டுச் சில சொல்லப் புகுகின்றேன்.

இத்துணைச் சிறு பொருளுக்கு ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் வியத்தல் கூடும். திருப்புளியின் அலகு நுழைவதற்காக இடப்பட்ட அவ்வெட்டுச் செம்மையாக இருக்குமளவுமே கடிகாரம் பிரிக்கவும் பூட்டவும் தக்க பொருளாக இருக்கின்றது. அது சிதைந்துவிடின், உள்ளே ஓர் உறுப்பும் பழுதுபடாதிருப்பினும், அக்கடிகாரம் திறவுகோல் தொலைந்த பெட்டியாகும். ஆதலின், கடிகாரம் பழுது பார்ப்போன் தன் கையாலேயே அவ்வெட்டினைப் புதிதாக இடவும், சிதைந்ததைச் சீர்செய்யவும் கற்றிருத்தல் வேண்டும் என்பதும், அங்ஙனம் கையாற் செய்தற்கு இடங்கொடுக்கும் நேர்வெட்டினைத் தொழிலுலகம் கைவிடலாகாது என்பதும் என் கருத்து. இவ்விரண்டற்கும் மாறான போக்கு இன்று வலுத்து வருதலின், இதனை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் அளவினை நோக்குவோம். ஆடவர் கைக்கடிகாரத்தின் மேல்தகட்டை இறுக்கும் திருகாணி ஒன்றன் தலை 1.6 மில்லிமீட்டர் அகலமும் அரை மில்லிமீட்டர் உயரமும் உடையதென வைத்துக்கொள்வோம். அதன்மேல் இடத்தக்க வெட்டு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமும் கால் மில்லிமீட்டர் ஆழமும் உடையதாகும். நம் தலைமயிர் ஒன்றன் தடிப்பு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். மூன்று மயிர்களை அடுத்தடுத்து வைத்தால் அவ்வெட்டு நிரம்பிவிடும் என்க. கற்களின் பதிப்பை இறுக்கும் திருகாணிகள் இதனினும் சிறியன. நம் மகளிர் தோட்டின் பின்னே மாட்டும் திருகாணி இவற்றின் பக்கத்தில் வைத்தால் பூதம்போலத் தோன்றும்.

இனி, எஃகினாலாகிய இவ்வெட்டுச் சிதைதற்குக் காரணம் யாது? பெரும்பாலும் திருப்புளியே காரணம். திருப்புளியைப் பிடித்தவரே காரணம் என்பது இன்னும் பொருந்தும். திருப்புளி திருகாணியைச் சுழற்றுவது, அலகின் இரு முனைகளிலும் எதிரெதிர்த் திசையில் தள்ளும் இரட்டை விசையினாலாம். அலகின் அகலம் தலையின் அகலத்தோடு ஒத்திருப்பின், அவ்விசைகள் மையத்தினின்றும் இயன்ற அளவு விலகி நின்று செயற்படும். சிறு விசையே போதியதாகும். அலகு பாதி அகலமே உடையதாயின், அதே திருப்பத்திற்கு இருமடங்கு விசை வேண்டும். அவ்விருமடங்கு விசையும் குறுகிய இடத்தில் வெட்டின் சுவரை நெருக்கும். அன்றியும், கடையிற் கிடைத்தவாறே ஆப்புப்போலச் சரிந்த அலகாயின், அது வெட்டின் அடியைத் தொடாது மேல்விளிம்பை மட்டுமே பற்றி நிற்கும். சரிவின் காரணமாக விசையின் ஒரு கூறு மேல்நோக்கி எழுந்து அலகினை வெளியே தள்ளும். வெளியேறும் அலகு விளிம்பைக் கிழிப்பதோடு அமையாது, பக்கத்திலுள்ள தகட்டின்மேல் ஒரு கீறலையும் இட்டுச் செல்லும். விசையின் கூறுகளைக் கரும்பலகையில் எழுதிக் கற்கும் மாணவர் இதனினும் நல்லதோர் எடுத்துக்காட்டினைத் தேடவேண்டுவதில்லை.

இதனாலன்றோ நல்ல தொழிலாளர் திருப்புளியை வாங்கியவாறே கையாள்வதில்லை! வெட்டின் அகலத்திற்கேற்ப அலகினைச் சாணைக்கல்லில் தீட்டி, நுனியருகே அதன் இரு பக்கங்களும் ஒன்றற்கொன்று இணையாக நிற்கும்படி செய்து, வெட்டின் அடிவரை சென்று படியுமாறு பொருத்திய பின்னரே திருகாணியைத் தொடுவர். திருகாணிக்குத் திருப்புளியைப் பொருத்துதல் ஐந்து நிமிட வேலை. அவ்வைந்து நிமிடத்தை மிச்சம்பிடித்தவர் செய்த கேட்டினைப் பழுது பார்க்குமிடம் ஒன்றில் யான் கண்டதுண்டு. ஒருவர் தம் தந்தையார் விட்டுச்சென்ற பழைய கைக்கடிகாரத்தைக் கொணர்ந்தார். சக்கரங்களிற் பெரிய தேய்மானமில்லை. எண்ணெய் உலர்ந்து பசையானதே குறை. ஆயின், மேல்தகட்டிலிருந்த ஏழு திருகாணிகளுள் ஐந்தன் தலைகள் நாய் கடித்த எலும்புபோலக் கிடந்தன. அரைமணி நேரத்திற் பிரிக்க வேண்டியதனைப் பிரிக்க இரண்டு நாள் சென்றது. முன்னர் அதனைத் திறந்தவர் எவரென்று உரியவருக்கும் தெரியாது. அவர்தம் கையொப்பம் மட்டும் ஐந்திடங்களில் இருந்தது.

இனி, வெட்டினை இடும் முறையைச் சிறிது விரித்துரைப்பேன். திருகாணி கடைசற்பொறியிற் கடைந்து எடுக்கப்பட்டு, மரையும் வெட்டப்பட்டு, இன்னும் கடினமேற்றப்படாத மெல்லெஃகாக இருக்கும்போதே வெட்டினை இடல் வேண்டும். அதனைப் பிடிப்பதே முதல் இடர். எஃகுக் குறட்டின் தாடைகளில் நேரே வைத்து இறுக்கின் மரை நசுங்கிப்போம். ஆதலின், சிறு பித்தளைத் துண்டொன்றில் அதே அளவுக்கு மரைத்துளை இட்டு, திருகாணியை அதனுட் செலுத்தி, தலை மட்டும் மேலே நிற்குமாறு பித்தளையையே குறட்டிற் பிடித்தல் நன்று. 

அடுத்த இடர், நடுவினைக் காண்டல். முற்கூறிய தலையில் 0.2 மில்லிமீட்டர் வெட்டு நேர் நடுவே அமையின், இருபுறமும் 0.7 மில்லிமீட்டர் எஃகு நிற்கும். வெட்டு ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கு விலகினால், ஒருபுறம் 0.6, மறுபுறம் 0.8 என்றாகிவிடும். அளவுகோல் கொண்டு காணவேண்டா; வெறுங்கண்ணே அதனைக் கோணலென்று சொல்லிவிடும். தலையின் விளிம்பிற் கத்திபோன்ற முனையுடைய அரத்தால் ஒரு சிறு தடம் இட்டு, எதிர்விளிம்பில் மற்றொரு தடம் இட்டு, இரண்டும் மையத்தோடு ஒரு கோட்டில் நிற்கின்றனவா என்று உருப்பெருக்குக் கண்ணாடியாற் பார்ப்பர். பார்த்தபின் திருகாணியை அரைவட்டம் திருப்பி மீண்டும் பார்ப்பர். முன்பு இடப்புறம் விலகியிருந்த கோடு இப்போது வலப்புறம் விலகித் தோன்றுமாகலின், குற்றம் இருமடங்காகக் கண்ணிற் படும். துலாக்கோலில் எடைக்கற்களை இடமாற்றி வைத்துச் சரிபார்ப்பதும், நில அளவைக் கருவியைத் திருப்பி வைத்துச் சரிபார்ப்பதும் இம்முறையே. தடம் மெல்லிதாக இருக்கும்போதே கோணலைத் திருத்திக்கொள்ளுதல் கூடும், ஆழ்ந்தபின் இயலாது.

தடம் நேர்ப்பட்டபின், வெட்டுக்கென்றே அமைந்த மெல்லிய அரத்தை எடுத்தல் வேண்டும். இவ்வரத்தின் சிறப்பு யாதெனின், பற்கள் அதன் ஓரத்தில் மட்டுமே இருக்கும்; பக்கங்கள் வழுவழுப்பாக இருக்கும். ஆதலின் அஃது ஆழமாக்குமேயன்றி அகலமாக்காது. வெட்டின் அகலம் அரத்தின் தடிப்பேயாகி நிற்கும். ஸ்விட்ஸர்லாந்தில் வலோர்ப் என்னும் ஊர் இத்தகைய நுண்ணரங்களுக்குப் பெயர்பெற்றது. பொற்கொல்லர் தகடறுக்கும் நுண்வாளின் அலகினைக் கையாள்வாரும் உளர். அவற்றுள் மிக மெல்லிய வகைகளில் ஒன்று 0.16 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. வட்டவாளினைக் கடைசற்பொறியில் மாட்டி அறுப்பது மூன்றாவது முறை. ஒரே அளவில் ஐம்பது திருகாணி வேண்டுமாயின் வட்டவாளே தக்கது என்பதில் ஐயமில்லை. ஒன்றே ஒன்று வேண்டுமாயின், பொறியை அமைத்து முடிக்குமுன் அரம் தன் வேலையை முடித்துவிடும் என்பது என் துணிபு. வட்டவாள் வைத்திருப்போர் இதனை ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

அரத்தை முன்னே தள்ளும்போதே சிறிது அழுத்துதல் வேண்டும். பின்னே இழுக்கும்போது அழுத்துதல் ஆகாது. கை ஊஞ்சல்போல ஏறியிறங்குமாயின், வெட்டின் அடி இரு முனைகளில் ஆழ்ந்து நடுவே மேடாகிவிடும். அத்தகைய வெட்டில் திருப்புளி மேட்டின்மேல் ஆடிக்கொண்டு நிற்கும்; விளிம்பும் விரைவிற் சிதையும். ஆழத்திற்கும் வரம்பு உண்டு. தலையின் உயரத்திற் பாதியளவு போதும். அதனிற் குறைந்தால் அலகு நழுவும். மிகுந்தால் அடியில் நிற்கும் எஃகு மெலிந்து, இறுக்கும்போது தலையே இரண்டாகப் பிளத்தலும் உண்டு. அகலம் குறுகியிருத்தல் அழகு என்று பழைய தொழிலாளர் கொண்டனர். அஃது அழகு மட்டுமன்று, சுவர் தடிப்பாக நின்று உழைப்பதற்கும் ஏதுவாகும்.

வெட்டு முடிந்தபின் விளிம்பிலுள்ள பிசிர்களை நீக்கி, எஃகினைச் செந்தணல் நிறம் வரக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்குவர். அந்நிலையில் அது கண்ணாடிபோல எளிதில் உடையும். ஆகவே, தலையை மெருகிட்டுப் பளிச்சென்று துலக்கி, பித்தளை அரப்பொடி பரப்பிய சிறு தட்டில் நட்டு, சாராய விளக்கின்மேற் பதமாகச் சூடேற்றுவர். ஏறத்தாழ 230 பாகை சென்டிகிரேடில் வைக்கோல் மஞ்சளும், 280 பாகையையொட்டி ஊதாவும், 300 பாகையை அணுகுகையில் ஆழ்ந்த நீலமும் தோன்றும். சவர்க்காரக் குமிழியில் நிறங்காட்டும் அதே ஒளியியற் காரணமே ஈண்டும், எஃகின்மேல் வளரும் மெல்லிய படலத்தில், நிறங்காட்டுகின்றது. நீலம் வந்த கணமே எடுத்துவிடல் வேண்டும். பொறுத்திருப்பின் வெளிறிச் சாம்பல் நிறமாகிவிடும். வெட்டினுள்ளே துளியளவு எண்ணெய் தங்கியிருந்தாலும், சூடேறும்போது அது கசிந்து வந்து நீலத்தின் நடுவே பழுப்புக் கறையாக நிற்கும். மீண்டும் மெருகிலிருந்தே தொடங்க வேண்டியதுதான்.

பழுதுபட்ட வெட்டினைச் சீர்செய்வதா, புதிய திருகாணியே செய்வதா என்பது அடுத்த வினா. இதில் தொழிலறிந்தோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தலை தடிப்பாக இருப்பின், கிழிந்த விளிம்பை அரத்தாற் சமன்செய்து, வெட்டினைச் சிறிது ஆழ்த்தி, மீண்டும் மெருகும் நீலமும் ஊட்டுதலே முறை என்பேன். பழைய மரைக்கும் பழைய துளைக்கும் பலவாண்டு உறவு உண்டு. புதிய மரை அத்துளையைக் கெடுத்தலும் கூடும். தலை முன்னரே மெலிந்ததாயின், அல்லது தலை தகட்டினுட் குழியில் அமிழ்ந்து மட்டமாக நிற்க வேண்டியதாயின், புதிதாகச் செய்தலே தக்கது. காட்சிச்சாலைகளிற் காக்கப்படும் பழங்கடிகாரங்களின் செய்தி வேறு. அங்கே கிழிந்த விளிம்பும் ஒரு சான்றேயாகலின், அதனைத் தொடாது விடுதலே நேர்மை. ஓடவேண்டிய கடிகாரத்திற்கு அவ்விதி பொருந்தாது.

தலை முற்றும் ஒடிந்து, உடல் மட்டும் பித்தளைத் தகட்டினுட் சிக்கிக்கொண்டால் என் செய்வது? இங்கே நம் வீடுகளிலெல்லாம் கிடைக்கும் படிக்காரம் துணைக்கு வரும். தகட்டிலுள்ள எஃகுறுப்புக்களையெல்லாம் கழற்றிவிட்டு, படிக்காரம் கரைத்த வெந்நீரில் தகட்டினை அமிழ்த்தி, வெப்பம் ஆறாது வைத்திருந்தால், அந்நீர் எஃகினைச் சிறிது சிறிதாக அரித்துத் தின்றுவிடும், பித்தளைக்குக் கேடில்லை. கழற்ற மறந்த எஃகுறுப்பு ஒன்று இருப்பின் அதனையும் தின்றுவிடும் என்பதனைச் சொல்லவும் வேண்டுமோ?

இத்தகைய கைவேலை ஒரு காலத்தில் எல்லாத் தொழிலாளர்க்கும் பொதுவாக இருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கடிகாரங்களில் முளையும் ஆப்புமே பெரிதும் வழங்கின. அதன்பின்னரே திருகாணி புகுந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு திருகாணியும் தனித்தனியே செய்யப்பட்டமையால், ஒரு துளைக்குரியது மற்றொரு துளைக்குப் பொருந்தாது. எது எங்கே சேரும் என்று அறிதற்காகத் திருகாணியிலும் தகட்டிலும் நுண்புள்ளிகள் இட்டுவைத்தனர். பழைய கடிகாரங்களில் அப்புள்ளிகளை இன்றும் காணலாம்.

இந்நிலையை மாற்றியவை பொறிகள். 1876ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த பெருங்கண்காட்சியில், வால்தம் கடிகாரக் கழகத்தார் மனிதர் கைபடாது தானே திருகாணி கடையும் பொறியினைக் காட்டினர். கண்டு திகைத்தோருள் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து சென்ற லோஞ்சீன் கழகத்துப் பொறியியலாளர் ழாக் டேவிட் ஒருவர். தம் நாட்டுத் தொழில் விழித்துக்கொள்ளாவிடின் அழியும் என்று அவர் அறிக்கை எழுதினார். ஸ்விட்ஸர்லாந்திலும் அப்பத்தாண்டுகளிலேயே சிறு திருகாணிகளைக் கடைவதற்கென்று தனிவகைக் கடைசற்பொறி தோன்றியது. அவ்வகை இன்றும் உலகெங்கும் ஸ்விஸ் பொறி என்றே பெயர் பெற்றுள்ளது. 

பொறி வந்தபின் அளவும் ஒழுங்குபட வேண்டியதாயிற்று. ஜினீவா நகரத்து மார்க் தூரி என்பார் 1878இல் வகுத்த முறை கணக்கறிந்தோர்க்கு விருந்தாவது. தொடக்கத் திருகாணி 6 மில்லிமீட்டர் விட்டமும், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளியும் உடையது. அடுத்தடுத்த எண்ணுக்குரிய இடைவெளி முன்னதன் பத்தில் ஒன்பது பங்கு. இங்ஙனம் இறங்கிக்கொண்டே சென்றால், 25ஆம் எண்ணுக்குரிய திருகாணி கால் மில்லிமீட்டர் விட்டமுடையதாக வந்து நிற்கும். இங்கிலாந்தின் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தார் 1884இல் முன்மொழிந்த சிறு திருகாணி முறை தூரியாரின் வழியைத் தழுவியதே.

இவற்றாலாய நன்மையை மறுப்பார் யார்? கெட்ட திருகாணிக்கு மாற்றாக அதே எண்ணுள்ள மற்றொன்றினை அஞ்சலில் வருவித்தல் எளிதாயிற்று. ஆயின், வருவித்தல் எளிதானவுடன் செய்தல் மறந்தது. வருவித்தலும் என்றும் இயல்வதன்று. நம் நாட்டில் ஜப்பானியச் சிட்டிஸன் கழகத்தின் துணையோடு 1961இல் பெங்களூரிற் கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. நிறுவனம், அதன் கடிகாரப் பிரிவினை மூடுவதென அரசு 2016இல் முடிவு செய்தது. நிறுவனம் மூடினும் அது செய்த கடிகாரங்கள் மூடவில்லை. எத்தனையோ இல்லங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குரிய உறுப்புக்கள் பழைய இருப்பிலிருந்தும், உடைந்த கடிகாரங்களிலிருந்தும் கிடைக்குமளவே கிடைக்கும். அயல்நாட்டுப் பெருங்குழுமங்கள் சிலவோ தம் உதிரி உறுப்புக்களைத் தாம் ஒப்புதல் அளித்த பணிமனைகளுக்கன்றி விற்பதில்லை. இந்நிலையில், ஒரு திருகாணி இல்லாத குறையால் கடிகாரம் கிடப்பில் இடப்படுவதா, பழுது பார்ப்போன் அதனைத் தானே செய்து முடிப்பதா என்பதே வினா.

திருகாணியைத் தானே செய்தல் கூடும் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம், கடிகாரத் திருகாணியின் தலையில் இருப்பது நேர்வெட்டு என்பதே. ஹென்றி பிலிப்ஸ் என்னும் அமெரிக்கர் 1936இல் உரிமை பெற்ற குறுக்குச் சிலுவை வடிவத் தலை, மோட்டார்வண்டித் தொழிற்சாலைகளில் மிகப் பயன்பட்டது. பொறியாற் சுழலும் திருப்புளி தானே நடுவிற் பொருந்திக்கொள்ளும் வசதி அதற்கு உண்டு. நேர்வெட்டில் அலகு பக்கவாட்டில் நழுவும் என்பது உண்மை. விரைவு வேண்டிய இடத்தில் சிலுவைத் தலையே சிறந்தது என்பதனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயின் சிலுவைத் தலை இருபுறமும் திறந்த வெட்டன்று. நடுவே குழிந்து நிற்பது. அதனை அச்சு வைத்து அடித்தே ஆக்கவேண்டும். அரத்தால் இடுதல் இயலாது. சிதைந்தால் மீண்டும் உருவாக்கலும் இயலாது. நேர்வெட்டோ ஓரத்திலிருந்து ஓரம்வரை திறந்து கிடத்தலின், ஒரு மெல்லிய அரம் உடைய எவரும் அதனை ஆக்கலாம், ஆழ்த்தலாம், புதுக்கலாம். அதற்குரிய திருப்புளியையும் ஒரு துண்டு எஃகிலிருந்து தாமே தீட்டிக்கொள்ளலாம்.

இன்று வேறொரு வகையும் பெருகி வருகின்றது. 2009ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் கழகத்தார் தம் கணினிகளிலும் பின்னர்த் தொலைபேசிகளிலும் ஐந்திதழ்ப் பூப்போன்ற குழியுடைய திருகாணிகளை இட்டனர். அதற்கேற்ற திருப்புளி அப்போது கடைகளில் இல்லை. விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் சிலவற்றிலும் தமக்கே உரிய பல்வடிவத் தலைகளை அமைக்கின்றனர். தூசியும் நீரும் புகாதிருக்க அறியாதார் கை படாதிருத்தல் நன்று என்று அவர்தம் பக்கத்தில் நியாயம் கூறுவர். அறியாதார் திறத்தலால் வரும் கேட்டினை மேலே யானே கூறியுள்ளேன். ஆகவே அதனைப் புறந்தள்ளேன். எனினும், அறியாதாரைத் தடுக்க இட்ட பூட்டு அறிந்தாரையும் தடுக்கின்றது. பொருளை விலைகொடுத்து வாங்கியவர் அதனைத் தமக்கு வேண்டிய தொழிலாளரிடம் கொடுத்துத் திறப்பிக்கவும் உரிமையற்றவராகின்றார். கல்வியாற் போக்க வேண்டிய குறையைப் பூட்டினாற் போக்க முயல்வது எனக்கு உடன்பாடன்று.

நேர்வெட்டின் மற்றொரு பயனையும் இங்கே குறித்தல் தகும். முறுக்குச் சக்கரங்களுள் ஒன்றனைப் பிணிக்கும் திருகாணி, சக்கரம் சுழலும்போது தானே கழன்று போகாதிருத்தற்பொருட்டு, பல கடிகாரங்களில் இடமரை உடையதாக இருக்கும். வழக்கம்போலத் திருப்பினால் கழலாது, இறுகி ஒடியும். அதனை எச்சரித்தற்காகத் தலையில் ஒன்றற்குப் பதிலாக மூன்று வெட்டுக்களை அடுத்தடுத்து இடும் வழக்கம் உண்டு. எழுத்தறியாதாரும் படிக்கக்கூடிய குறிப்பு அது.

குவார்ட்ஸ் கடிகாரம் 1969ஆம் ஆண்டு டிசம்பரில் டோக்கியோவில் விற்பனைக்கு வந்தபின் இத்தொழிலே மடிந்துவிட்டதன்றோ, இனி யாருக்காக இதனைக் கற்பது என்று சிலர் கேட்பர். மடிந்ததுபோலத் தோன்றியது உண்மையே. ஸ்விட்ஸர்லாந்தின் கடிகாரத் தொழிலில் 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980களின் இடையில் 30,000 பேரளவாகக் குறைந்தனர். ஆயின் அக்காலத்திலேயே, இங்கிலாந்தில் ஜார்ஜ் டேனியல்ஸ் என்பார் ஏறத்தாழ எல்லா உறுப்புக்களையும் தம் கையாலேயே செய்து கடிகாரங்களை முடித்துக்கொண்டிருந்தார். அவர் 1981இல் வெளியிட்ட நூல் இன்றும் அத்தொழில் கற்போர் கையில் இருக்கின்றது. பொறிக்கடிகாரங்களோ மீண்டும் உயர்ந்த விலைக்கு விற்கின்றன. அவற்றைப் பழுது பார்க்கும் கைகள்தாம் போதவில்லை. கூலிக்குக் கட்டுமா என்பார்க்கு விடை எளிதன்று. நூறு ரூபாய்க் கடிகாரத்திற்கு அரைநாள் உழைத்துத் திருகாணி செய்தல் கட்டாது. ஒருவர் தந்தையாரின் கடிகாரத்திற்குக் கட்டுமா என்பதனை அவரே சொல்லவேண்டும்; செய்யத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலன்றோ அவரைக் கேட்கவும் இயலும்!

நம் கல்லூரிகளின் பௌதிக மாணவர் நுண்ணளவுத் திருகினைக் கையில் எடுத்து, கம்பியின் விட்டத்தை நூறில் ஒரு மில்லிமீட்டர்வரை அளந்து ஏட்டிற் குறிக்கின்றனர். அந்நூறில் ஒரு மில்லிமீட்டரைத் தம் கையால் ஆக்கியவர் எத்தனை பேர்? அளத்தலும் ஆக்கலும் இருவேறு அறிவு. ஆகவே, முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு திருகாணி செய்து அதன் தலையில் வெட்டிடுதலைச் செய்முறைப் பாடத்துள் ஒன்றாகச் சேர்க்கலாம் என்பது என் வேண்டுகோள். முதலிற் செய்வது பெரிதாகவே இருக்கட்டும்: 3 மில்லிமீட்டர் தலை, அதற்கேற்ற வெட்டு. அடுத்த பருவத்தில் அதிற் பாதி. ஒரு சிறு குறடு, மரைத்துளையிட்ட பித்தளைத் துண்டு, இரண்டு அரங்கள், ஒரு சாராய விளக்கு, ஒரு கைப்பிடி அரப்பொடி, கண்குழியிற் செருகும் ஒரு கண்ணாடி. கடைசற்பொறி பெரும்பாலான பணிமனைகளில் முன்னரே உள்ளது. செய்து முடித்த திருகாணியைச் செய்தவரிடமே விடாது மற்றொரு மாணவர் கையிற் கொடுத்து, அவர் பத்துமுறை பூட்டிக் கழற்றியபின் உருப்பெருக்கியின்கீழ் வைத்து, விளிம்பு கிழிந்துளதா என்று நோக்கி மதிப்பெண் இடுதல் வேண்டும். இக்கருவிகளை வரும் ஆண்டின் தொடக்கத்திலேயே வாங்கிவைத்தல் இயலும்.